இரண்டு பதிப்பகம், ஒரே ஸ்டால்

நம் பதிப்பகத்துக்காக நீங்கள் அனுப்பிய வளர்ச்சித் திட்டத்தை வாசித்தேன். சுத்தமாகத் தயாரித்திருக்கிறீர்கள். எங்கள் காலத்தில் இப்படியொன்றைத் தாளில் பார்த்ததில்லை. யார் சத்தமாகப் பேசினாரோ அவர் சொன்னதுதான் திட்டம். சென்னையில் கிளை, கூடுதல் புத்தகங்கள், ஒலிநூல், வெளியார் முதலீடு என்று வரிசையாகக் கேள்விகள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று என்னிடம் பதில் கேட்டிருக்கிறீர்கள். நான் ஓய்வுபெற்றுவிட்டேன். ஆம், இல்லை சொல்கிற வேலை இனி உங்களுடையது. இதே மாதிரி ஒரு யோசனை எங்கள் முன்னால் வந்தபோது என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். கோமதியின் பதிப்பகம் ஏன் தனியாக இருக்கிறது, தனியாக இருந்தும் அதன் புத்தகக் கட்டுகள் ஏன் நம் கிட்டங்கியில் கிடக்கின்றன என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அதற்கான பதிலும் இதில் வந்துவிடும்.

நாங்கள் நான்கு பேர். தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகள். நான் எடிட்டிங்கும் அச்சு வேலையும் பார்த்தேன். ஜெபமணிக்கு வடிவமைப்பு. எங்களில் வயதில் சின்னவன் அவன்தான். சங்கரலிங்கம் அண்ணாச்சிக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை. காலையில் ஏலம் முடித்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் எங்கள் புத்தகங்களை விற்கக் கிளம்புவார். நாலாவது ஆள் செங்கோட்டை கோமதி. மலையாளத்திலிருந்து அவள் மொழிபெயர்த்த புத்தகங்களை ‘கணவாய் வரிசை’ என்று பெயர் வைத்துப் போட்டோம். எங்கள் பதிப்பகத்தின் பெயர் வெளியூரில் நாலு பேருக்குத் தெரிந்தது என்றால் அந்த வரிசையால்தான்.

நாலு பேருக்கும் சம உரிமை. ஆளுக்கு ஒரு வருஷம் பொறுப்பாளர். எந்த முடிவும் ஓட்டெடுப்பில். சமமாக வந்தால் பொறுப்பாளர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். இவ்வளவுதான் எங்கள் விதி.

தென்காசி தனி மாவட்டமாகப் போகிறது என்று அறிவிப்பு வந்திருந்த குற்றால சீசன் அது. அந்த வருஷம் நான் பொறுப்பாளர். சென்னையில் பெரிய விநியோக நிறுவனம் நடத்துகிற ஒருவரிடமிருந்து போன் வந்தது. அவர் பெயர் இங்கே வேண்டாம். கணவாய் வரிசையை மட்டும் தன்னிடம் கொடுக்க வேண்டும், மாநிலம் முழுக்கத் தன் கடைகளில் வைப்பேன், ஆனால் மாதம் இரண்டு புதுப் புத்தகம் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார். குடும்பத்தோடு குற்றாலம் வருகிறேன், அப்போது உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று நாளும் சொல்லிவிட்டார்.

அவர் வருவதற்கு முந்தின நாள் நாங்கள் நாலு பேரும் குற்றாலத்திலேயே கூடினோம். ஜெபமணியின் சொந்தக்காரர் ஒருவர் சீசனுக்கு வாடகைக்கு விடும் வீடு காலியாக இருந்தது. யார் யாரோ உலர்த்திவிட்டுப் போன ஈரத்துணி வாடை இன்னும் போகாத வீடு. வெளியே சாரல் என்று சொல்ல முடியாது, நல்ல மழை.

அண்ணாச்சிதான் முதலில் பேசினார்.

“நான் கடை கடையா ஏறி இறங்குதேன். ‘வச்சுட்டுப் போங்க, பாப்போம்’னு சொல்லுதான். அடுத்த தடவ போனா, வச்ச எடத்துலயே கட்டுப் பிரிக்காமக் கெடக்கு. இப்ப ஒருத்தர் தானா வந்து குடுங்கன்னு கேக்காரு. வேண்டாம்னு சொல்ல நமக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு?”

அவர் பேச்சில் தப்பில்லை. புத்தகப் பெட்டி தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்பு வலி நிரந்தரமாகியிருந்தது. ஜெபமணிக்கும் காரணம் உண்டு. பெங்களூரில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு எங்களோடு இருந்தான். அவனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. இந்த ஏற்பாடு நடந்தால்தான் ஊரில் இருக்க முடியும் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தான்.

கோமதி கேட்டாள்: “மாசம் ரெண்டு யாரு அண்ணாச்சி பண்ணுவா?”

“நீதான்.”

“நான் வருசத்துக்கு மூணு பண்ணுனா பெருசு. கொல்லத்துக்கோ எங்கயோ போயி, எழுதுனவருகூட ரெண்டு நாள் உக்காந்து பேசாம ஒரு புஸ்தகத்த நான் முடிச்சதே கெடையாது. அது ஒங்களுக்கும் தெரியும்.”

“சரி, ஒன்னால முடிஞ்சதப் பண்ணு. மத்ததுக்கு ஆள் போடுவோம். திருவனந்தபுரத்துல ரெண்டு பாஷையும் தெரிஞ்ச பிள்ளைய நெறைய இருக்கு. அவங்க பண்ணட்டும். நீ மேலோட்டமாப் பாத்துவிடு. வரிசைல ஒம் பேரு இருக்கட்டும்.”

“நான் பண்ணாததுக்கு எம் பேரா?”

ஜெபமணி குறுக்கே வந்தான். “அக்கா, ஒங்க பேருன்னு பாக்காதிய. வரிசை நம்ம நாலு பேருக்கும் பொதுதான?”

விதிப்படி அவன் சொன்னது சரி. கோமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணாச்சி, “பேசிட்டே இருந்தா விடிஞ்சிரும். ஓட்டு எடுப்போம்” என்று கையைத் தூக்கினார். ஜெபமணி கொஞ்சம் தயங்கி அவனும் தூக்கினான். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் தூக்கினால் மூன்றுக்கு ஒன்று. தூக்காவிட்டால் சமம். சமம் என்றால் பொறுப்பாளர் பக்கம், அதாவது என் பக்கம். எப்படிப் பார்த்தாலும் முடிவு என் கையில் வந்து நின்றது. உங்களுக்கும் என்றாவது இப்படி வரும். அந்த நேரத்தில் மூளை கணக்குப் போடப் பார்க்கும். யாரைச் சமாளிப்பது சுலபம் என்றுதான் அது கணக்குப் போடும். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இது ஓட்டுப் போடக்கூடிய விஷயம்தானா என்று பார்க்க வேண்டும்.

“இதுக்கு ஓட்டு கிடையாது அண்ணாச்சி” என்றேன். “எந்த அட்டை, எந்த ஊர்ல விக்கணும், என்ன விலை, இதுக்கெல்லாம் ஓட்டு எடுக்கலாம். கோமதி மாசக்கணக்குல உக்காந்து செய்ய வேண்டிய வேலைய, நாம மூணு பேரு கையத் தூக்கி அவ தலைல வைக்க முடியாது. செய்யப் போறவ கை தூக்கல. நாம தூக்கி என்ன ஆகப் போகுது?”

அண்ணாச்சி கையை இறக்கவே இல்லை. “அப்ப எதுக்கு நாலு பேரு? அவ பேசாம ஒத்தைல நடத்தலாமே?”

கோபத்தில் கேட்டதுதான் என்றாலும் நல்ல கேள்வி. கோமதி பையை எடுத்துக்கொண்டு, “கடைசி பஸ்ஸ விட்டா ஆட்டோதான், வருதேன்” என்று குடையை விரித்தாள். யாரும் இருக்கச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அருவி எல்லாவற்றிலும் வெள்ளம். குளிக்கத் தடை. சென்னைக்காரர் தங்கியிருந்த விடுதிக்கு நாங்கள் மூன்று பேரும் போனபோது, அவருடைய பிள்ளைகள் தோளில் துண்டோடு வராந்தாவில் உட்கார்ந்து குரங்குகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எங்களுக்குக் காபி சொல்லிவிட்டு, “மொழிபெயர்ப்பாளர் வரலையா?” என்றுதான் முதலில் கேட்டார்.

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். காய்ச்சல் என்று சொல்லலாம். ஜெபமணி அப்படித்தான் சொல்லப்போகிறான் என்று எனக்குத் தோன்றியது. அதனால் நான் முந்திக்கொண்டேன். மாதம் இரண்டு புத்தகம் அவளால் முடியாது என்றேன். வேறு ஆள் வைத்துச் செய்ய எங்களுக்குள் சம்மதம் இல்லை என்றேன். வருகிற நேரத்தில் வருகிற புத்தகத்தை, கணவாய் வரிசையோடு எங்கள் மற்ற புத்தகங்களையும் சேர்த்து எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன்.

அவர் காபியை முழுக்கக் குடித்து முடித்த பிறகு பதில் சொன்னார்.

“முடியாதும்மா. என் கடையில ஒரு தட்டு காலியா இருந்தா அடுத்த வாரம் வேற ஒருத்தர் அதுல வந்து உட்கார்ந்துடுவார். எனக்கு மாசா மாசம் சரக்கு வேணும். உங்களால அது முடியாதுன்னா அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா இப்பவே சொல்லிட்டீங்க பாருங்க, அதுக்கு நன்றி. நிறைய பேர் கையெழுத்து போட்டு அட்வான்ஸ் வாங்கிட்டு, அப்புறம்தான் இதைச் சொல்வாங்க.”

அவரைப் பற்றி எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று இழுத்திருந்தால் நாங்கள் அந்த நினைப்பிலேயே ஒரு வருஷத்தை வீணாக்கியிருப்போம். முடியாது என்பதை ஒருவர் முகத்தைப் பார்த்து, சுருக்கமாக, கோபமில்லாமல் சொல்ல முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன். பிறகு எத்தனையோ கைப்பிரதிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தபோது அது எனக்கு உதவியது.

வெளியே வந்ததும் ஜெபமணி ஒரு கடையில் நின்று குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கினான்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். கையெழுத்துப் போடவில்லை, யாரும் யார் தலையிலும் எதையும் வைக்கவில்லை, பழையபடி வேலையைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அடுத்த வாரம் கோமதி அலுவலகத்துக்கு வந்து தன்னிடமிருந்த சாவியை என் மேஜையில் வைத்தாள்.

“ஏட்டி, அதான் வேண்டாம்னு சொல்லிட்டு வந்தாச்சே. பின்ன என்ன?” என்றேன்.

“நீங்க சொல்லிட்டு வந்தது தெரியும். ஆனா அண்ணாச்சி கை தூக்குனது தூக்குனதுதான? ஜெபமணியும் தூக்குனானே. நாளைக்கு ஒரு புஸ்தகம் எனக்கு லேட்டாச்சுன்னா, ரெண்டு பேரும் வாயால ஒண்ணும் சொல்ல மாட்டாவ. ஆனா அந்தக் கைதான் எனக்கு ஞாபகம் வரும். அத வச்சுக்கிட்டு என்னால ஒரு பக்கம்கூட எழுத முடியாது. மதி, வடிவக்கா, மதி.”

செங்கோட்டைக்காரர்களுக்கு அலுத்துப்போனால் ‘போதும்’ என்பது மலையாளத்தில்தான் வரும். தனியாக ஒரு பதிப்பகம் தொடங்கப்போகிறேன் என்றாள். இருந்துவிடச் சொல்லி நான் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

அடுத்து வந்ததுதான் சிக்கல். கணவாய் வரிசை யாருக்கு? கேரள எழுத்தாளர்களோடு போட்ட ஒப்பந்தமெல்லாம் பதிப்பகத்தின் பெயரில். மொழிபெயர்ப்பு உரிமையும் அப்படித்தான். “போறவ போகட்டும். வரிசை இங்கதான் இருக்கும்” என்றார் அண்ணாச்சி. ஜெபமணி, “சட்டப்படி நம்மளுதுதான் அக்கா” என்றான். அவன் குரலில் உற்சாகம் இல்லை, ஆனால் சொன்னான். ஜனவரி புத்தகக் கண்காட்சிக்காக அந்த வரிசையில் சில புத்தகங்கள் மறுபதிப்புக்குப் போயிருந்தன. சிவகாசி அச்சகத்தில் தாள் தயாராக இருந்தது. தலைப்புப் பக்கத்தில் எந்தப் பதிப்பகத்தின் பெயர் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அச்சகத்திலிருந்து தினமும் போன்.

நான் ரயிலேறிச் செங்கோட்டை போனேன்.

கோமதி வீட்டு முன்னறையில் வேலை செய்துகொண்டிருந்தாள். காபி கொடுத்தாள். வந்த விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன்: “எந்தெந்தப் புஸ்தகம் ஒனக்கு வேணுமோ எடுத்துக்க. ஒப்பந்தத்த மாத்தி எழுதிக்கிடுவோம்.”

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக இருந்தாள் போலிருக்கிறது. பிறகு எழுந்து அலமாரியிலிருந்து கணவாய் வரிசைப் புத்தகங்கள் எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்பினாள். ஒவ்வொன்றாகப் பிரித்து, நாலு வரி வாசித்து, இரண்டு அடுக்காக வைத்தாள். அடுக்கி முடித்ததும் சின்ன அடுக்கை என் பக்கம் தள்ளினாள்.

“இதெல்லாம் சீக்கிரம் வேணும்னு நீங்க கேட்டதுனால பண்ணுனது. இத நீங்களே வச்சுக்கிடுங்க.”

மேலே இருந்த புத்தகத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஏட்டி கோமதி, இதுதான் இருக்கதுலயே நல்லா ஓடுது. இத விட்டுட்டுப் போறேன்னா சொல்லுத?”

“ஓடட்டும். எனக்கு அது பிடிக்கல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அங்கேயே உட்கார்ந்து அச்சகத்துக்குப் போன் போட்டு, எந்தெந்தப் புத்தகம் யார் பெயரில் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மற்ற இரண்டு பேரிடமும் கேட்காமல்தான் செய்தேன். கேட்டிருந்தால் மறுபடியும் கை தூக்கவேண்டி வந்திருக்கும். பொறுப்பாளர் என்ற பதவி இப்படியொரு நாளுக்காகத்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் வருகிற ஏச்சையும் அவர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். நன்றாக வாங்கினேன். ஜெபமணி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, மூன்றாம் நாள் சரியாகிவிட்டான். அண்ணாச்சி போனில், “அவள ஒத்தைல நடத்தச் சொன்னேன். அவளுக்குப் பதிலா நீங்க நடத்துதிய” என்று சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகு தென்காசிப் பக்கமே வரவில்லை. விற்பனை அப்படியே நின்றது.

கார்த்திகை பிறந்த பிறகு ஒருநாள் மத்தியானம் மாடிப்படி ஏறி வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே பேசினார்.

“எங்க கடைக்கு அடுத்த கமிஷன் கடைல அண்ணன் தம்பி பிரிஞ்சுட்டானுவ. போர்டு வேற, கல்லா வேற, பேச்சு வார்த்த கெடையாது. ஆனா கேரளாவுக்குப் போற லாரி மட்டும் ஒண்ணுதான். மூட்டைல வேற வேற அடையாளம் போட்டு ஏத்தி விடுதானுவ. ஆளுக்கொரு லாரி புடிச்சா ரெண்டு பேரும் காலின்னு அவனுவளுக்குத் தெரியும்.” பிறகு விஷயத்துக்கு வந்தார்: “சென்னைல ஸ்டால் ஒண்ணாப் போடுவோம். கிட்டங்கியும் ஒண்ணா இருக்கட்டும். அவ புஸ்தகத்தையும் நானே கொண்டு போறேன். காலைல செங்கோட்டை போயி அவகிட்ட கேட்டுட்டுத்தான் வாரேன். சரின்னுட்டா.”

அங்கே இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. “மாவட்டமே பிரிஞ்சுட்டு. நாம பிரிஞ்சா என்ன?” என்று சொல்லிவிட்டுத்தான் அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த ஜனவரியில் ஒரே ஸ்டாலில் இரண்டு பெயர்ப் பலகை வைத்தோம். வந்தவர்கள் குழம்பினார்கள். அண்ணாச்சி, “வாசல் ஒண்ணு, வீடு ரெண்டு” என்று சொல்லிச் சொல்லி விற்றார். அடுத்த சில மாதங்களில் ஊரடங்கு வந்து எல்லோருக்கும் எல்லாம் நின்றுபோனது. அதனால் பிரிந்ததில் எங்களுக்கு எவ்வளவு நஷ்டம், சென்னைக்காரரோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதெல்லாம் இன்றுவரை தெரியாது. நான் எடுத்த முடிவு சரி என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. பெரும்பாலான முடிவுகள் அப்படித்தான் நின்றுவிடும்.

ஒன்று தெரியும். கணவாய் வரிசையில் பெரும்பகுதி போன பிறகு எங்கள் பட்டியலில் பெரிய ஓட்டை விழுந்தது. அதை எதை வைத்து அடைப்பது என்று தேடினபோதுதான் ஜெபமணி, குற்றாலத்தில் சீசன் கடை போடுகிறவர்களைப் பேசவைத்து ஒரு புத்தகம் கொண்டுவந்தான். பிறகு அச்சன்புதூரிலிருந்து ஒரு பெண் விவசாயி தானாகவே எழுதிக்கொண்டு வந்தார். இன்று நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர்க்காரர் எழுத்து வரிசை அப்படித் தொடங்கியதுதான். கோமதி இருந்திருந்தால் நாங்கள் அந்தப் பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டோம். அவளும் வருஷத்துக்கு மூன்று புத்தகம் என்று தனக்குப் பிடித்த மாதிரி போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாள். இரண்டு பதிப்பகமும் சேர்ந்து போடுகிற புத்தகங்கள், நாலு பேராக இருந்தபோது போட்டதைவிட அதிகம். இதை வளர்ச்சி என்று சொல்லலாமா என்பதை நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள்.

உங்கள் திட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயருக்கு உரியவர் கை தூக்கிய பிறகு மற்றவர்கள் தூக்குங்கள். அவர் தூக்கவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள், அதற்காக அவரிடம் காரணம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பிரிந்துபோகிறவர் வந்தால், எதை எடுத்துக்கொள்கிறாய் என்று முதலில் நீங்களே கேளுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருந்தால் அது வழக்காகிவிடும்.

எங்களுக்கு நஷ்டமே இல்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். எங்களோடு இருந்த காலத்தில் கோமதி சாயங்காலம் எனக்குப் போன் செய்வாள். முதலில் மலையாள வாக்கியத்தை வாசிப்பாள். பிறகு தான் எழுதிய தமிழை இரண்டு மூன்று விதமாக வாசித்துக் காட்டி, “எது அக்கா சரியா இருக்கு?” என்பாள். நான் ஒன்றைச் சொல்வேன். பாதி நேரம் நான் சொன்னதை எடுத்துக்கொள்ள மாட்டாள். ஒரே ஒரு சொல்லுக்காக அடுப்பில் பாலை வைத்துவிட்டு அரைமணி நேரம் பேசியிருக்கிறோம்.

இப்போதும் கண்காட்சியில் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். என் மூட்டு வலிக்கு அவள் தைலம் வாங்கி வருகிறாள். அவள் மகள் கல்யாணத்தில் நான்தான் பந்தி பார்த்தேன். ஆனால் சாவியை வைத்துவிட்டுப் போன நாளுக்குப் பிறகு ஒரு வாக்கியத்தைக்கூட அவள் எனக்கு வாசித்துக் காட்டியதில்லை. வேறு யாரையோ கூப்பிட்டுக் கேட்கிறாள் என்று நினைக்கிறேன். அவர் யாரென்று தெரியாது. கெட்டிக்காரராகத்தான் இருக்க வேண்டும். அவள் புத்தகங்களை வந்த உடனே வாங்கி வாசித்துவிடுகிறேன், தமிழ் முன்பைவிட நன்றாகவே இருக்கிறது.